கேஸ் இன்னும் எத்தனை ராத்திரிக்கு வரும்? கேம்பர்க்காரர்கள் கேட்டவை

செப்டம்பர் கடைசியில் மலைப்பக்கம் ராத்திரிக் குளிர் ஆரம்பித்ததுமே எனக்கு வரும் கேள்விகளில் பாதி புரொப்பேன் பற்றியதாகத்தான் இருக்கும். கொலராடோவில் ஆர்.வி. (உள்ளேயே தங்கிக்கொள்ளும் வண்டி) ரிப்பேர்தான் என் பிழைப்பு, சொந்தமாக ஒரு பழைய 24 அடி ட்ரெய்லரும் உண்டு, அதனால் டேங்கில் கேஸ் எவ்வளவு மிச்சம் என்று போனில் காட்டும் இந்த ஒயர்லெஸ் சென்சார்களை அடுத்தவர் வண்டியிலும் என் வண்டியிலும் மாட்டி, கழற்றி, திட்டி, மறுபடி மாட்டிப் பழகியிருக்கிறேன். சேர்ந்துபோன கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணா, ஊரில் சிலிண்டரை ஈரத்துணியால் துடைத்து எங்கே சீக்கிரம் காய்கிறது என்று பார்த்துவிடுவோம். இங்கே அதற்கு ஐம்பது டாலர் கொடுத்து சென்சார் எதற்கு?

ஈரத்துணி வைத்தியம் பொய்யில்லை. திரவம் இருக்கும் உயரம் வரை டேங்க் சுவர் குளிர்ந்தே இருக்கும், அங்கே ஈரம் மெதுவாகக் காயும். இங்கே வெந்நீரை ஊற்றிக் கையால் தடவிப் பார்ப்பார்கள், சில்லென்று மாறும் இடம்தான் மட்டம். இரண்டும் ஒரே யுக்திதான். ஆனால் ட்ரெய்லரின் முன் நுனியில், பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் டேங்கை மழையில் போய் மூடியைக் கழற்றி, கெட்டில் தண்ணீர் ஊற்றி யார் தினமும் பார்க்கப் போகிறார்கள்? நான் பார்க்க மாட்டேன், நீங்களும் மாட்டீர்கள். படுக்கையில் இருந்தபடியே போனில் தெரிகிறது என்பதற்குத்தான் அந்தக் காசு. வருஷத்துக்கு இரண்டு தடவை கோடையில் மட்டும் போகிறவராக இருந்தால் வாங்காதீர்கள், வெந்நீரே போதும்.

கேள்வி: எங்கள் ட்ரெய்லரில் இரண்டு டேங்க், ஆட்டோமேட்டிக் சேஞ்ச்ஓவர் ரெகுலேட்டர் இருக்கிறது. ஒன்று தீர்ந்தால் தானாக அடுத்ததற்கு மாறிவிடும். அப்புறம் சென்சார் அவசியமா?

நானும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சில வருஷத்துக்கு முன் யெல்லோஸ்டோனில் மாமத் கேம்ப்கிரவுண்டில் தங்கியிருந்தோம், அக்டோபர் முதல் வாரம், வெளியே 22 டிகிரி ஃபாரன்ஹீட். விடியற்காலை மூன்று மணிக்கு ஃபர்னஸின் (வண்டியைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டர்) ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கிறது, ஆனால் வருவது பச்சைத்தண்ணி மாதிரி காற்று. மூன்று தடவை பற்றவைத்துப் பார்த்துவிட்டு அது லாக் ஆகிவிட்டது. டார்ச் எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தால் ரெகுலேட்டரின் கண்ணாடியில் சிவப்பு. அந்தச் சிவப்பு எத்தனை நாளாக அங்கே இருந்ததோ. இரண்டு வால்வையும் திறந்தே வைத்திருந்தேன், முதல் டேங்க் சத்தமில்லாமல் தீர்ந்து, இரண்டாவதற்கு மாறி, அதுவும் தீர்ந்திருந்தது. குழந்தைகளை எல்லாம் ஒரே கட்டிலில் போட்டு மூடி, காலை எட்டு மணிக்குக் கீழே கார்டினர் ஊருக்கு ஐந்து மைல் போய் நிரப்பி வந்தேன். அடுத்த பல பயணங்களுக்கு என் மனைவி இதைத்தான் சொல்லிக்காட்டினாள்.

சேஞ்ச்ஓவர் செய்யும் உபகாரமே அதன் உபத்திரவம்: முதல் டேங்க் தீர்ந்ததை உங்களுக்கு உணர்த்தாது. சென்சார் வாங்க மனமில்லை என்றால் ஒரு வால்வை மூடியே வையுங்கள். ராத்திரி ஒரு தடவை எழுந்துபோய்த் திறக்க வேண்டிவரும், ஆனால் இன்னும் ஒரு முழு டேங்க் கையில் இருக்கிறது என்று தெரிந்து திறப்பீர்கள்.

கேள்வி: புதிதாக மொபீகா கம்பெனி சென்சார் இரண்டு வாங்கி மாட்டினேன். பத்து நாள் நூறு சதவீதத்திலேயே நின்றது, அப்புறம் மளமளவென்று இறங்குகிறது. பழுதா?

உங்கள் டேங்க் 30 பவுண்டு, ஆப்பில் 20 பவுண்டு என்று விட்டிருப்பீர்கள். பந்தயம் கட்டத் தயார்.

இந்தச் சென்சாருக்குச் சதவீதம் எல்லாம் தெரியாது. டேங்கின் அடியில் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, காதுக்குக் கேட்காத ஓர் ஒலித்துடிப்பை இரும்பு வழியாக மேலே அனுப்புகிறது, அது திரவத்தின் மேல்மட்டத்தில் மோதித் திரும்பி வர எவ்வளவு நேரம் என்று அளக்கிறது, அவ்வளவுதான். அதாவது கிணற்றில் கல் போட்டு ஆழம் பார்ப்பதைத் தலைகீழாகச் செய்கிறது. அதற்குத் தெரிவது உயரம் ஒன்றே, சதவீதம் என்பது நீங்கள் சொன்ன டேங்க் அளவை வைத்து ஆப் போடுகிற கணக்கு. 20 பவுண்டு டேங்கில் நிறைந்த மட்டம் சுமார் 10 அங்குலம், 30 பவுண்டில் சுமார் 15 அங்குலம். 15-லிருந்து 10-க்கு இறங்கும் வரை ஆப் பார்வையில் எல்லாமே 'ஃபுல்'தான். செட்டிங்கில் போய் மாற்றுங்கள், சரியாகிவிடும்.

இன்னொன்று. அடிமட்டத்துக்கு மிக அருகில் எதிரொலி மிகச் சீக்கிரம் திரும்பிவிடுவதால் சென்சாரால் அளக்க முடியாது, அதனால் ஆப் பூஜ்யம் காட்டும்போதும் அடியில் கொஞ்சம் இருக்கும். அதை நம்பி இட்லி ஊற்றி வைக்காதீர்கள்.

கேள்வி: கடைக்கு வெளியே கூண்டில் வைத்திருக்கும் எக்ஸ்சேஞ்ச் டேங்க் வாங்கினேன். மாட்டியதும் சென்சார் எழுபது சொச்சம் காட்டுகிறது. சென்சார் பொய் சொல்கிறதா, கடைக்காரனா?

இரண்டு பேரும் இல்லை. 20 பவுண்டு டேங்க் என்றாலும் எக்ஸ்சேஞ்சில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் அடைத்துத் தருவார்கள், லேபிளில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், எடுத்துப் படித்துப் பாருங்கள். இருபதில் பதினைந்து, நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். சென்சார் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு இதுவே அத்தாட்சி. சந்தேகம் தீரவில்லை என்றால் குளியலறைத் தராசில் டேங்கை ஏற்றுங்கள். கழுத்து வளையத்தில் டி.டபிள்யூ. என்று பொறித்து ஒரு எண் இருக்கும், 20 பவுண்டு டேங்கில் அது 17-ஐ ஒட்டி இருக்கும், அதுதான் காலி எடை. மொத்தத்தில் அதைக் கழித்தால் மீதி கேஸ். எந்தச் சென்சாரையும் சோதிக்க இதைவிட நேர்மையான வழி இல்லை.

வசதி இருந்தால் எக்ஸ்சேஞ்சை விட்டுவிட்டு ரீஃபில் செய்யும் இடத்துக்குப் போங்கள், முழு அளவு கிடைக்கும். முழு அளவு என்றாலும் டேங்கின் கொள்ளளவில் 80 சதவீதம்தான், மீதி 20 சதவீதம் திரவம் விரிவதற்கான இடம், ஓ.பி.டி. வால்வு அதற்கு மேல் ஏற விடாது. ஆப்பில் 100 என்பது இந்த எண்பதைத்தான்.

எக்ஸ்சேஞ்ச் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, சொந்த அனுபவம்: பழைய டேங்கைக் கூண்டில் வைக்கும் முன் அடியில் தடவிப் பாருங்கள். நான் சென்சாரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு நாற்பது மைல் போன பிறகுதான் ஆப்பைத் திறந்தேன்.

கேள்வி: ஹோஸில் மாட்டும் பிரஷர் கேஜ் பதினைந்து டாலருக்குக் கிடைக்கிறதே?

வேண்டாம். டேங்குக்குள் இருக்கும் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது, அளவைப் பொறுத்தது இல்லை. 70 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிறைந்த டேங்கிலும் சுமார் 110 பி.எஸ்.ஐ., கால் டேங்கிலும் அதேதான். பூஜ்ய டிகிரிக்குப் போனால் முழு டேங்கே 24-ஐ ஒட்டிக் காட்டும், முள் சிவப்பில் நிற்கும், நீங்கள் பதறுவீர்கள். திரவம் மொத்தமும் தீர்ந்த பிறகுதான் அந்த முள் உண்மையிலேயே இறங்கும், அதற்குள் அடுப்பே அணைந்து உங்களிடம் சொல்லியிருக்கும்.

கேள்வி: சென்சார் சில நேரம் காட்டுகிறது, சில நேரம் காணாமல் போகிறது. வண்டி ஓடும்போது தாறுமாறாகக் குதிக்கிறது.

ஓடும்போது குதிக்காமல் என்ன செய்யும், உள்ளே இருப்பது திரவம், அலை அடிக்கிறது. நிறுத்திச் சில நிமிஷம் கழித்துப் பாருங்கள்.

நின்றிருக்கும்போதும் வரவில்லை என்றால் முக்கால்வாசி நேரம் ஒட்டிய விதம்தான் காரணம். டேங்கைத் தலைகீழாக்காமல் கொஞ்சம் சாய்த்து அடிப்பக்கம் பாருங்கள், துரு, பெயிண்ட் பொருக்கு, பழைய ஸ்டிக்கர் ஏதாவது இருக்கும். சுரண்டித் துடைத்து, சென்சார் முகத்தில் ஒரு பட்டாணி அளவு கிரீஸ் தடவி, வளைவின் நட்டநடுவில் ஒட்டுங்கள். கிரீஸ் எதற்கென்றால், இடையில் முடி அளவு காற்று இருந்தாலும் ஒலி அங்கேயே செத்துவிடும். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் முன் வயிற்றில் ஜெல் தடவுவதும் இதற்குத்தான். நடு மையத்திலிருந்து விலகினால் ஒலி சாய்வாகப் போய் எதிரொலி திரும்பாது.

அப்புறம் டேங்க் உட்காரும் தட்டைப் பாருங்கள். சில ட்ரெய்லர்களில் தட்டின் நடுவில் ஒரு மேடு இருக்கும், டேங்கை வைத்து இறுக்கும்போது சென்சாரை அது நசுக்கும். அடிவளையத்துக்குக் கீழே மாட்ட ரப்பர் காலர் விற்கிறார்கள். பேட்டரி சிஆர்2032 பட்டன் செல், கடும்குளிரில் தளர்ந்துவிடும், சீசன் ஆரம்பத்தில் புதிதாகப் போடுவது நல்லது. அலுமினிய டேங்கில் காந்தம் ஒட்டாது, பசை போட்டு ஒட்ட வேண்டும். உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஃபைபர் டேங்க் வைத்திருப்பவர் எதற்கு என்னிடம் கேட்கிறார் என்று புரியவில்லை, டார்ச் அடித்துப் பாருங்கள்!

கேள்வி: 40 சதவீதம் காட்டுகிறது. இதை வைத்து எத்தனை ராத்திரி ஓட்டலாம்?

இந்தக் கேள்விதான் உருப்படி. சதவீதத்தை யாரும் எரிப்பதில்லை, பவுண்டைத்தான் எரிக்கிறோம்.

ஒரு பவுண்டு புரொப்பேனில் சுமார் 21,500 பி.டி.யு. வெப்பம். சாதாரண ட்ரெய்லர் ஃபர்னஸ் மணிக்கு 30,000 பி.டி.யு. என்று வைத்தால், எரிகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 1.4 பவுண்டு. உறையும் குளிரில் பத்து மணி நேர ராத்திரியில் பாதி நேரம் எரிகிறது என்று பிடித்தால் 7 பவுண்டு. புது 20 பவுண்டு டேங்க் மூன்று ராத்திரிக்குக் கொஞ்சம் போதாது. உங்கள் நாற்பது சதவீதம் 8 பவுண்டு, ஒரு ராத்திரி, அதற்குமேல் வேண்டுதல்தான். 30 பவுண்டு டேங்க் என்றால் 12 பவுண்டு, இரண்டாவது ராத்திரி விடிவதற்குள் தீர்ந்துவிடலாம்.

மற்றதெல்லாம் இதற்கு முன் கொசு. கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் நாளுக்கு ஒன்று, ஒன்றரைப் பவுண்டு. அடுப்பில் மூன்று வேளை சமைத்தாலும், குக்கரில் பருப்பு வேகவைத்தாலும் ஃபர்னஸ் தின்பதில் கால்வாசி வராது. அதனால் கேஸ் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் காபியைக் குறைக்காதீர்கள், ராத்திரி தெர்மோஸ்டாட்டை 68-லிருந்து 58-க்கு இறக்கிவிட்டு இன்னொரு கம்பளி போடுங்கள். என் வண்டியில் 35 சதவீதத்துக்கு ஆப்பில் அலாரம் வைத்திருக்கிறேன், கோடையில் அதையே 15 ஆக்கிவிடுவேன்.

கேள்வி: எங்களுடையது மோட்டார்ஹோம், டேங்க் வண்டியோடு படுக்கை வசமாகப் பொருத்தியது. உள்ளே பேனலில் நாலு விளக்கு எரிகிறது. அதை நம்பலாமா?

அது உள்ளே மிதக்கும் ஃப்ளோட்டை வைத்துச் சொல்கிறது, ஏறக்குறையச் சரி, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் காலிக்கும் நடுவில் என்ன என்று அதற்குத் தெரியாது. சென்சார் ஒட்டலாம், ஆப்பில் படுக்கை டேங்க் என்று சொல்லிவிடுங்கள். உருளையைப் படுக்கப் போட்டால் உயரமும் கொள்ளளவும் ஒன்றாக இறங்காது: பாதி உயரத்தில் பாதி இருக்கும், ஆனால் கால் உயரத்தில் கால் பங்கு இருக்காது, 20 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவுதான்.

கேள்வி: வண்டி சும்மா நிற்கிறது, எதையும் உபயோகிக்கவில்லை, ஆனால் ஆப்பில் மதியம் 62 சதவீதம், விடியற்காலை 58. கசிவா?

பெரும்பாலும் இல்லை. திரவப் புரொப்பேன் வெயிலில் நன்றாகவே விரியும், 40 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசத்துக்கு சுமார் 6 சதவீதம். ஒரே நேரத்துக் கணக்கை ஒப்பிடுங்கள், இன்று காலையும் நாளைக் காலையும். தினமும் காலை எண் இறங்கிக்கொண்டே போனால் அப்போது சந்தேகப்படுங்கள், வால்வை மூடி, சோப்புத்தண்ணீரைக் குழாய் இணைப்புகளில் எல்லாம் தடவி, வால்வைத் திறந்து குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

ஆனால் ஒன்று: மட்டம் காட்டும் சென்சார் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை. சில பேர் சென்சார் இருக்கிறதே என்று உள்ளே தரையை ஒட்டி இருக்கும் கேஸ் டிடெக்டரைக் கழற்றிவிடுகிறார்கள், ராத்திரி கத்துகிறதாம். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையில்தான் தேங்கும், அதனால்தான் டிடெக்டரைக் கீழே வைத்திருக்கிறார்கள். அதன் முதுகில் காலாவதித் தேதி இருக்கும். என்னிடம் வரும் பழைய வண்டிகளில் பாதிக்கு அது எப்போதோ முடிந்திருக்கும்.

கேள்வி: இதையே ஒன்று வாங்கி மதுரையில் அம்மாவின் 14.2 கிலோ சிலிண்டரில் ஒட்டலாமா?

ஒட்டலாம், இரும்புதான். ஆனால் அங்கே வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது, அதில் ஒலி ஓடும் வேகம் வேறு, சிலிண்டரின் அளவும் வேறு, ஆப்பின் கணக்கு தடுமாறும். அம்மாவுக்கு எடை காட்டும் மேடை மாதிரி ஒன்று வாங்கிக் கொடுங்கள். காலி எடை சிலிண்டர் மேலேயே எழுதியிருக்கும். தீரப்போகும் நேரத்தில் சிலிண்டரைப் படுக்கப் போட்டு இன்னும் ஒரு குழம்பை ஒப்பேற்றும் பழக்கம் இருந்தால், அதை மட்டும் போனிலாவது கெஞ்சி நிறுத்துங்கள். படுத்த சிலிண்டரில் திரவமே ரெகுலேட்டருக்குள் வந்துவிடலாம், அடுப்பில் தீ எவ்வளவு உயரம் எழும்பும் என்று சொல்ல முடியாது.