பிளஃப்பா, நிஜமா? போக்கர் கேள்வி-பதில்

ஆடி மழை பிடித்துக்கொண்டதும் கேள்விகளும் கூடிவிட்டன. பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எதிராளி பிளஃப் அடிப்பதை, அதாவது நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதுபோல் காட்டுவதை, ஆன்லைனில் எப்படிக் கண்டுபிடிப்பது?

எதிராளி ரொம்ப நேரம் யோசித்துவிட்டுப் பெரிய பெட் (பந்தயம்) வைத்தால் பிளஃப் என்று நினைத்து கால் செய்கிறேன் (அதே அளவு நானும் போடுகிறேன்). அடிக்கடி தோற்கிறேன். ஏன்?
வாசகர், கோத்தகிரி

நேரத்தை நம்பாதீர்கள், அதிலும் நம் மலையில். குன்னூரில் என் வீட்டில் காற்று பலமாக அடித்தாலே சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். போன வாரம் மூன்று ராணிகள் சேர்ந்த கையில் ரெய்ஸை (பெட்டை உயர்த்தும் பொத்தானை) அழுத்தினேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நேரம் முடியப்போகும் கடைசி நொடியில்தான் பெட் போய்ச் சேர்ந்தது. நான் தடுமாறுகிறேன் என்று நினைத்து எதிராளி கால் செய்து, சிப் எல்லாவற்றையும் இழந்தார். ஒரே ஆளுடன் நிறைய கைகள் ஆடி, கடைசியில் அவர் காட்டும் சீட்டையும் பார்த்துப் பழகியிருந்தால் மட்டும் நேரத்தைக் கணக்கில் எடுக்கலாம்.

என்னிடம் டைமண்ட் ராஜா, ஸ்பேடு ராணி. ஃப்ளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில்) கிளாவர் ராஜா, ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் 5. நான் பெட் வைத்தேன், அவர் கால். டர்ன் (நாலாவது பொதுச் சீட்டு) டைமண்ட் 2, மறுபடி பெட், கால். ரிவர் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) ஸ்பேடு 3. நான் செக் செய்ததும் (பெட் வைக்காமல் விட்டதும்) பாட் (நடுவில் சேர்ந்த மொத்த சிப்) அளவுக்கே பெட் வைத்தார். பயந்து ஃபோல்ட் செய்தேன் (சீட்டைப் போட்டுவிட்டு விலகினேன்). சரியா?
வாசகி, கூடலூர்

நான் கால் செய்திருப்பேன். அவர் ஆடியதை முதலிலிருந்து வரிசையாகப் பாருங்கள். மூன்று 9 போன்ற பெரிய கை இருந்தால், மேசையில் இரண்டு ஆர்ட்டின் கிடக்கும்போது பலர் ஃப்ளாப்பிலோ டர்னிலோ ரெய்ஸ் செய்துவிடுவார்கள். ஃப்ளஷுக்கு (ஒரே வகையில் ஐந்து சீட்டு சேர) காத்திருப்பவருக்கு மலிவாகச் சீட்டு காட்ட மாட்டார்கள். இவர் இரண்டு தடவையும் வெறும் கால். ரிவரில் வந்த 3 பெரும்பாலான கைகளுக்கு உதவாத சீட்டு. அதுவரை அமைதியாக இருந்தவருக்குத் திடீரென்று இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? ஆர்ட்டினுக்குக் காத்திருந்து கிடைக்காமல் போனவர் ஜெயிக்க ஒரே வழி இந்த பெட்தான்.

அப்புறம் விலை. பாட்டில் 1,200, அவர் பெட் 1,200 என்று வையுங்கள். 1,200 போட்டால் 2,400 கிடைக்கும். மூன்றில் ஒரு தடவை அவர் பிளஃப் அடித்தாலே உங்களுக்கு நஷ்டமில்லை.

உங்கள் ராணி ஆர்ட்டினாக இருந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். மேசையில் இரண்டு போக மீதி 11 ஆர்ட்டின். அவற்றில் இரண்டிரண்டாக 55 ஜோடி சேரும். ஒன்று உங்கள் கையில் இருந்தால் 45தான். அவர் ஃப்ளஷ் தவறவிட்டவராக இருக்கும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறைகிறது.

8 பிக் பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே முறைப்படி கட்டாயமாகப் போடும் தொகை) அளவு சிப் மட்டுமே வைத்திருப்பவர் ஆல்-இன் போகிறார் (எல்லா சிப்பையும் வைக்கிறார்). பிளஃப்பா?
வாசகர், கொடைக்கானல்

அதை பிளஃப் என்று எடுக்காதீர்கள். அவ்வளவு குறைந்த சிப்பில் பிளைண்ட் அவரைத் தின்றுவிடும். கடைசியில் பேசுகிற இடத்தில் இருந்தால் சுமாரான கையோடும் போகத்தான் வேண்டும். உங்களிடம் ஏஸும் நல்ல துணைச் சீட்டும் இருந்தால் கால் செய்யுங்கள்.

பரிசு இடத்துக்கு இன்னும் ஒருவர் வெளியேற வேண்டும். நிறைய சிப் வைத்திருப்பவர் ஒவ்வொரு கையிலும் ரெய்ஸ் செய்கிறார். பொய் என்று தெரிந்தும் என்னால் எதிர்க்க முடியவில்லை.
வாசகர், ஊட்டி

நீங்கள் கோழை இல்லை. அவர் தோற்றாலும் மேசையில் இருப்பார், நீங்கள் தோற்றால் வெளியே. உங்களைவிடக் குறைந்த சிப்போடு வேறு யாராவது இருந்தால் அவர் வெளியேறும்வரை பொறுங்கள். எதிர்ப்பதானால் நல்ல கையோடு நீங்களே ஆல்-இன் போங்கள். வெறும் கால் வேண்டாம்.

பணம் கட்டி ஆடும் போட்டிக்கு எப்போது போகலாம்?
வாசகர், குன்னூர்

போகாதீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் மொத்தமாகத் தடை செய்கிறது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னதை வைத்து உங்களை இழுப்பவர்களை நம்ப வேண்டாம். இந்தப் பகுதியில் நான் எழுதுவது இலவச சிப் போட்டிகளுக்குத்தான்.

இலவசப் போட்டியில் முதல் கையிலேயே பாதிப்பேர் ஆல்-இன். அங்கே எதைக் கண்டுபிடிப்பது?
மாணவி, கொடைக்கானல்

முதல் கால் மணி நேரம் நல்ல ஜோடி வராவிட்டால் ஃபோல்ட் செய்துகொண்டே இருங்கள். சும்மா இருக்காமல், யார் எந்தச் சீட்டைக் காட்டினார், அதற்கு முன் எவ்வளவு பெட் வைத்தார் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். மேசையில் நாலைந்து பேர் மிஞ்சும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.