செட்டிநாட்டு வீடுகள் விடுதிகளானால் ஊர்க்காரர்கள் வெளியேற நேருமா?

சென்னையில் வாடகை ஏறி எளியவர்கள் வெளியேறுவது போலச் செட்டிநாட்டிலும் நடக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பேன். இங்கே நோய் வேறு.

பெருநகரங்களில் நடப்பதை 1964இல் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் லண்டனை வைத்துப் பதிவு செய்தார்: தொழிலாளர் பகுதிக்குள் வசதியானவர்கள் குடியேற, பழைய குடிகள் விலகுகிறார்கள்.

செட்டிநாட்டிலோ பணக்காரர் வந்ததால் அல்ல, போனதால் வீடுகள் காலியாயின. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்குக் கொடுக்கல் வாங்கல் செய்து கட்டியவை பல. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த வருமானம் முறிந்தது. அடுத்த தலைமுறை நகரங்களுக்குப் போனது. ஒரு தெருவில் முகப்பும் மறுதெருவில் பின்வாசலுமாக நீளும் வீட்டுக்குப் பங்காளிகள் பலர். எல்லாரும் சம்மதிக்காமல் பழுதுபார்ப்பதும் கடினம், முழு வீட்டையும் விற்கவும் முடியாது. வீடு சிதிலமாகி, கடைசியில் இடித்து, தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் தனித்தனியாக விற்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அவற்றைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறும். அதைவிட, கானாடுகாத்தானில் ஆனதுபோல வீடு விடுதியாகி நிற்பது எவ்வளவோ மேல். ஆத்தங்குடித் தரை ஓடு செய்பவருக்கும் கொத்தனாருக்கும் வேலை கிடைக்கும்.

ஆனால் ஒரு கேள்வியை விட்டுவிடக் கூடாது. சிங்கப்பூரில் வாழும் நகரத்தாரும் மணமானதும் கோயில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பமாக எண்ணப்படுபவர்; அவருக்கு ஊரில் உரிமை உண்டு. அதே தெருவில் அன்றாடம் வாழும் கொத்தனாருக்கு, அந்த வீடு என்னவாக வேண்டும் என்று சொல்ல எந்த இடமும் இல்லை.