கதை நம்பும்படி இருக்க சொந்த அனுபவத்தை எப்படிப் பயன்படுத்துவது?

நான் பெரிய எழுத்தாளன் இல்லை. ஏழெட்டுக் கதைகள் அச்சில் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் இந்த விஷயத்தில் நன்றாக அடிபட்டிருக்கிறேன்.

2015 டிசம்பர் 1. சென்னை சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் குடியிருந்தோம். அன்றிரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்பதெல்லாம் பிறகு பேப்பரில் படித்தது. ஆறு மாதம் கழித்து அந்த ராத்திரியைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். 'வெள்ளம் கதவை உடைத்துக்கொண்டு சீறிப் பாய்ந்தது' என்று ஆரம்பம். அம்மா படித்துவிட்டு, "நம்ம வீட்டுக்கு எங்கடா அப்படி வந்துச்சு?" என்று கேட்டாள்.

வரவில்லைதான். நாங்கள் வாசலில் கோணியைச் சுருட்டி அடைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் வந்தது பாத்ரூம் வழியாக. முதலில் நாற்றம். அப்புறம் கரப்பான்பூச்சிகள் ஓட்டையிலிருந்து வரிசையாகக் கிளம்பிச் சுவரில் ஏறின. அதற்குப் பிறகுதான் களக் களக் என்று கறுப்புத் தண்ணீர் பொங்கியது. அம்மா ஒரு பழைய புடவையைத் திணித்து, அதன் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். அரை மணி நேரத்தில் கட்டில் நனைந்தது. காலி சிலிண்டர் மிதந்துபோய்ச் சமையலறைச் சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு விடியவிடிய அந்த டங் டங்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதானே, ஏன் எழுதத் தோன்றவில்லை? வெள்ளம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று டிவியில் பார்த்தது கைக்கு முதலில் வந்துவிட்டது. இப்போதெல்லாம் எழுதும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: நான் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது எது?

நடந்ததை அப்படியே எழுதினாலும் சில சமயம் நிற்காது. அதே ராத்திரி, படியில் எங்களோடு ஒண்டியிருந்த பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம், "போன வாரம் வாங்கிட்டுப் போன குக்கர் வெயிட்டக் குடுக்கவே இல்லியே" என்றார். சத்தியமாக நடந்தது. கதையில் வைத்தேன், படித்த நண்பன், "சிரிக்க வைக்கணும்னு சேர்த்திருக்க" என்றான். உண்மையில் நடந்ததுடா என்று அவனிடம் சண்டை போடலாம், வாசகனிடம் போட முடியுமா? கடைசியில், கறிவேப்பிலைக் கொத்தைக்கூடக் கணக்கு வைப்பவர் அந்த அக்கா என்று இரண்டு பக்கம் முன்னாலேயே காட்டினேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

சொந்த அனுபவமே இல்லாத இடத்துக்குப் போனால்? மானம் போகும். மே மாத வெயிலில் காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாக வந்து நிற்க, வஞ்சிரம் ஏலம் போவதாக ஒரு காட்சி எழுதியிருந்தேன். ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர் ஒரே வரி அனுப்பினார்: "சார், அப்போ தடைக்காலம்." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. ஊருக்கே தெரிந்த விஷயம்!

அடுத்த மே மாதம் நேரில் போனேன். ஏலச் சத்தம் இல்லை. படகுகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். நிழலில் ஒரு பெரியவர் வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி விறைப்பாக இழுத்துப் பிடித்து, கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். வஞ்சிரத்தை எடுத்துவிட்டேன். கதை இப்போது அந்தக் கட்டைவிரலிலிருந்து தொடங்குகிறது.