பழைய இசைத்தட்டு: ‘திரும்பப் பெற மாட்டோம்’ என்று வியாபாரி மறுக்கலாமா?

கேள்வி: எக்கோ, சங்கீதா போன்ற சிறு நிறுவனங்கள் வெளியிட்ட தமிழ்த் திரையிசைத் தட்டுகளைச் சேகரிக்கிறேன். ‘முதல் பதிப்பு, கீறல் இல்லை’ என்ற விளம்பரத்தை நம்பி, இணையத்தில் பழைய தட்டுகளை விற்றுவரும் மும்பை வியாபாரி ஒருவரிடம் 3,500 ரூபாய்க்கு ஓர் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) வாங்கினேன். முதல் பாட்டிலேயே ஊசி தாவுகிறது. உறையோ வண்ண நகல் எடுத்து ஒட்டியதாக இருக்கிறது. பழைய சரக்கைத் திரும்பப் பெறுவதில்லை என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: பழைய பொருள் என்பதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. பொருள் குறையுடையதாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் அதைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. தம் வீட்டிலிருந்த தட்டை எப்போதாவது விற்கும் தனிநபருக்கு இவ்விதிகள் பொருந்தா; உங்களுக்கு விற்றவரோ தொடர்ந்து தொழில் செய்பவர்.

விளம்பரம் நீக்கப்படுவதற்கு முன் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்துக் கீறலைப் படமாகவும், ஊசி தாவுவதைக் காணொளியாகவும் பதிவுசெய்து, பணத்தைத் திருப்பித் தருமாறு எழுத்துமூலம் கேளுங்கள். இணையச் சந்தை ஒன்றின் வழியாக வாங்கியிருந்தால், அதன் குறைதீர் அலுவலருக்கும் எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்தில் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பயனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். வியாபாரி மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

இனி வாங்கும்போது, பணம் அனுப்புமுன் தட்டின் இருபக்க லேபிள்களையும், பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவிலுள்ள வெற்று வளையத்தையும் அருகிலிருந்து எடுத்த படங்களாகக் கேட்டு வாங்குங்கள். வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணை, அதே தட்டை வைத்திருக்கும் வேறொரு சேகரிப்பாளரின் பிரதியோடு ஒப்பிட்டால்தான் முதல் பதிப்பா, பின்னர் அச்சிட்டதா என்று ஓரளவு உறுதிப்படும். சிறு நிறுவனத் தட்டுகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க அச்சிட்ட பட்டியல்கள் அரிதாகவே கிடைப்பதால் இந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம். ‘முதல் பதிப்பு’ என்று எழுதிவிட்டு வளையத்தின் படத்தைத் தரத் தயங்குபவரிடம் வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உறையின் எழுத்தோரங்கள் மங்கியிருந்தாலோ, மடிப்பில் பழுப்பேறாத புதுத்தாள் தெரிந்தாலோ அது நகலாக இருக்கக்கூடும். தட்டை ஓட்டிக் கேட்க அனுமதிக்கும் கடை சென்னையிலேயே கிடைத்தால், சற்று விலை கூடினாலும் அங்கே வாங்குவது நல்லது.

வழக்கு முடியும்வரை இந்தத் தட்டைக் கழுவவோ துடைக்கவோ வேண்டாம். கீறலை உண்டாக்கியவர் நீங்கள்தான் என்று அவர் வாதிட அது இடம் தரும். உங்கள் சேகரிப்பில் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழங்கால அரக்குத் தட்டுகள் இருந்தால், அவற்றை ஒருபோதும் ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். அரக்கை அது கரைத்துவிடும்.