தடுப்பூசி போட்டும் கோமாரி: வைரஸ் மாறிவிட்டதா?

வணக்கம். ஊசி போட்ட நான்காம் மாதத்திலேயே மூன்று மாடுகளுக்கு வாயிலும் குளம்பிலும் கொப்புளம் வந்திருக்கிறது, வைரஸ் மாறிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறியிருக்கலாம். ஆனால் புண்ணைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

கோமாரி வைரஸில் 7 வகைகள். நம் நாட்டு ஊசி ஓ, ஏ, ஏசியா 1 என்ற மூன்றுக்கும் சேர்த்தது. ஒரே வகைக்குள்ளும் கிளைகள் உண்டு. ஆய்வகத்தில் வைரஸின் மேலுறையில் உள்ள விபி1 என்ற புரதத்துக்கான மரபணுப் பகுதியை, ஏறத்தாழ 640 மரபணு எழுத்துகளை, படித்துப் பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டு எந்தக் கிளை என்று சொல்வார்கள். ஊசி அதைத் தடுக்குமா என்பதற்கு, ஊசி போட்ட மாட்டின் சீரம் (இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) அந்த வைரஸை அடக்குகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இப்போது அவசரமாக வேண்டியது ஆய்வுக்கான மாதிரி. கால்நடை மருத்துவரை இன்றே கூப்பிடுங்கள். உடையாத அல்லது புதிதாக உடைந்த கொப்புளத்தின் தோல்தான் வேண்டும். அதற்கு முன் அந்தப் புண்ணைச் சோடா கரைசலிலோ வினிகரிலோ கழுவ வேண்டாம். காரமும் அமிலமும் வைரஸைச் சிதைத்துவிடும். கிளிசரின் கலந்த நடுநிலைக் கரைசலில் போட்டு, ஐஸ் பெட்டியில் போக வேண்டும். புவனேசுவரத்தில் உள்ள தேசியக் கோமாரி நோய் நிறுவனம் இந்த ஆய்வைச் செய்கிறது. கால்நடைத் துறை வழியாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்ததா, கன்றுகளுக்கு முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது ஊசி போட்டீர்களா என்றும் பாருங்கள். என் கணிப்பில், வைரஸ் மாறியதைவிட இவற்றில் ஒன்று தவறியிருக்கவே வாய்ப்பு அதிகம். நோயுற்ற மாடுகளை உடனே தனியே கட்டுங்கள். சந்தைக்கு எதையும் ஓட்ட வேண்டாம்.