மூச்சு எங்கே போச்சு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு மாதமாக யூடியூப் பார்த்து யோகா செய்கிறேன். சிரசாசனத்தில் 3 நிமிடம் நிற்க முடிகிறது. கழுத்தில் லேசான வலி, போகப்போகச் சரியாகிவிடும். நேரில் ஓர் ஆசிரியர் அவசியம்தானா? பலரும் இதை வியாபாரமாகத்தான் நடத்துகிறார்கள். ஏகலைவன் சிலையை வைத்துத்தானே கற்றான்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் சிரசாசனத்தை நிறுத்துங்கள். இன்றே. கழுத்து வலியை வைத்துக்கொண்டு தலைகீழாக நிற்பது வெறும் பிடிவாதம். கை மரத்துப்போனால் உடனே மருத்துவரிடம் போங்கள். போகப்போகச் சரியாகும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

வியாபாரம் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆள் சரியில்லை என்றால் வேறு ஆளைத் தேடுங்கள், அவ்வளவுதான்.

ஆனால் ஏகலைவனை இதில் இழுக்காதீர்கள். கொஞ்ச நாளாக நானும் அவனை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அம்பு குறி தவறினால் கண்ணெதிரே தெரிந்துவிடும், அடுத்த அம்பைத் திருத்தி விடலாம். ஆசனத்தில் குறி எங்கே இருக்கிறது? தவறு நம் முதுகுப் பக்கம் நடக்கிறது. போதாததற்கு, பழகிப்போன கோணல்தான் உடம்புக்கு நேராகத் தோன்றும்.

நானும் இரண்டு வருடம் புத்தகத்தை விரித்துவைத்துக் கற்றவன்தான். அப்புறம் ஒரு பெரியவரிடம் போனேன். தெரிந்த கஷ்டமான ஆசனங்களையெல்லாம் செய்துகாட்டத் தயாராக இருந்தேன். அவரோ கண்ணை மூடிச் சும்மா நிற்கச் சொன்னார். நின்றேன். "இப்போ குனிஞ்சு பாருங்க" என்றார். இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. நேராக நிற்கிறேன் என்று சத்தியமே செய்திருப்பேன். அவர் பாதத்தைக் கையால் பிடித்து நேராக்கி வைத்தார். எனக்கு அதுதான் கோணலாக இருந்தது!

பிறகு பஸ்சிமோத்தாசனம், காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது. விரல்கள் பாதத்தைத் தாண்டிவிட்டன, எனக்கு ஒரே பெருமை. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. என் விலாவில் இரண்டு விரலை வைத்துக் காத்திருந்தார். "மூச்சு எங்கே போச்சு?"

இரண்டு வருடமாக ஒவ்வோர் ஆசனத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்! யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி ஆசனத்துக்கு ஒதுக்கியதே மூன்று சூத்திரங்கள். அதில் முதலாவது, ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சுகம் தொலைந்ததை மூச்சுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். உங்கள் மூச்சு நின்றுபோனதை எந்தக் காணொளி கேட்கும்? 3 நிமிடம் என்று கணக்கு எழுதுகிறீர்கள். எப்படி மூச்சு விட்டீர்கள் என்று ஒரு வரி இல்லையே, ஏன்?

யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் மைசூர் அரண்மனையில் இளைஞர்களுக்குத் தாவலும் வேகமுமாகச் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் சென்னையில், ஆளைப் பார்த்து, அவர் வயதையும் நோயையும் பார்த்துப் பாடத்தையே மாற்றினார். சொல்லிக்கொடுத்தவர் ஒருவர்தான், எதிரே இருந்த உடம்பு வேறு.

வாரம் ஒரு நாளாவது போங்கள். மற்ற நாட்களில் உங்கள் யூடியூபை வைத்துக்கொள்ளுங்கள், சரி. பத்து நாள் கழித்துக் கழுத்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.