பறக்கும் முன் சோதனை: கண் பார்க்கிறது, மனசு பார்க்கிறதா?

கேள்வி: செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் பைலட் பயிற்சி எடுக்கிறேன். ஆரம்பத்தில், பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றிவந்து ஒவ்வொரு திருகையும் உற்றுப் பார்ப்பேன். இப்போது கால் தானாகச் சுற்றுகிறது, மனசு வேறெங்கோ இருக்கிறது. முடித்த பிறகு ஆயில் பார்த்தேனா என்றே சந்தேகம். என்ன செய்யலாம்?

பதில்: சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பாருங்கள், அதில் வெட்கமே வேண்டாம். ஆயில் அளவு காட்டும் கம்பியை (டிப்ஸ்டிக்) உருவியதும் அளவை வாய்விட்டுச் சொல்லி, தாளில் எழுதிவிடுங்கள். உங்களுடையது 172எஸ் ரகம் என்றால் 5 க்வார்ட்டுக்கு (ஏறக்குறைய 5 லிட்டர்) குறைந்தால் கிளம்பக் கூடாது.

‘கவனமாக இரு’ என்று உங்களையே அதட்டிக்கொள்வதில் பலனில்லை. எல்லாம் சரி என்று உறுதிசெய்யப் போகிற கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். இந்த இடத்தில் என்ன கோளாறு வரும் என்று தெரிந்துகொண்டு, அதைத் தேடிப் போங்கள்.

தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளைக் கோப்பையில் வடிப்பதையே எடுத்துக்கொள்வோம். 172எஸ்-இல் ஒவ்வொரு இறக்கைக்கும் 5, விமானத்தின் முன்பகுதிக்கு அடியில் 3, ஆக 13 இடம். நாலைந்து முடிந்ததுமே கை மட்டும்தான் வேலை செய்யும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம்; கோப்பையின் அடியில் தங்கும், நடுவில் கோடு தெரியும். கோப்பை முழுக்கத் தண்ணீராகவே இருந்தால்? கோடே இருக்காது. பளிங்கு மாதிரித் தெளிவாக இருக்கும், சுத்தம் என்று நினைத்துவிடுவோம். இந்த விமானத்துக்குப் போடும் 100எல்எல் பெட்ரோல் நீல நிறம். வெள்ளை இறக்கைக்கு நேரே கோப்பையைப் பிடித்து அந்த நீலத்தைத் தேடுங்கள், மோந்தும் பாருங்கள். ராத்திரி மழையில் வெளியே நின்ற விமானம் என்றால் இதில் அவசரமே கூடாது.

பெரிய விமானங்களிலும் இதே கதைதான். 2018 ஜூலை 18 அன்று பிரிஸ்பேனிலிருந்து கிளம்பிய மலேசியா ஏர்லைன்ஸ் ஏ330-இல், வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்கள் மூன்றிலும் உறை அப்படியே இருந்தது. குளவி கூடு கட்டாமலிருக்கப் போட்ட உறை. தரைப் பணியாளர், பொறியாளர், விமானி யார் சோதனையிலும் அது சிக்கவில்லை. நல்லவேளை, பத்திரமாகத் திரும்பி இறங்கினார்கள். 2014 மே 31-இல் அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. விமானத்தைத் திருப்பவும் ஏற்றவும் அசையும் கட்டுப்பாட்டுப் பரப்புகளை, நிற்கும்போது காற்றில் ஆடாமல் பிடிக்கும் பூட்டை எடுக்காமலேயே ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் விமானம் புறப்பட ஓடியது. 7 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில் அந்த விமானிகள் கட்டுப்பாட்டுச் சோதனையை முழுதாகச் செய்யவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அத்தனை முறை ஒன்றும் ஆகாததுதான் ஆபத்து.

அலுப்புத் தட்டாமலிருக்க வரிசையை மாற்றிப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை, எதையோ விட்டுவிட்டோம் என்று காட்டிக்கொடுப்பதே அந்த வரிசைதான். எட்டுகிற இடத்தையெல்லாம் தொட்டுப் பாருங்கள். மனப்பாடம் ஆனாலும் செக்லிஸ்ட் கையில் இருக்கட்டும். நடுவில் போன் வந்தாலோ, யாராவது பேச்சுக் கொடுத்தாலோ, விட்ட இடம் இதுதான் என்று ஊகிக்காமல் அந்தப் பகுதியை முதலிலிருந்து தொடங்குங்கள்.

ஏறுவதற்கு முன் பத்தடி தள்ளி நின்று இன்னொரு சுற்று: கட்டிய கயிறு, சக்கரக்கட்டை, பெட்ரோல் மூடி, மூக்குச் சக்கரத்தில் மாட்டிய இழுகம்பி. தூக்கமில்லாமல் வந்த நாளில் இவை எதுவும் உதவாது. அன்றைக்குப் பறக்கவில்லை என்று பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள்.